பழைய வீட்டைக் கொடுத்துப் புது வீடு: பில்டர் கேட்ட காகிதங்களும் நாம் கேட்க வேண்டியவையும்

எங்கள் அம்மாவின் வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மேட்டு நிலத்தில் இருந்தது. தெருவிலிருந்து வாசலுக்குப் படி ஏற வேண்டும். சமையலறையிலிருந்து பின்கட்டுக்குப் படி இறங்க வேண்டும். முழங்கால் வலி வந்த பிறகு அம்மாவுக்கு அந்தப் படிகளே நாளின் பெரிய வேலையாகிவிட்டன. படியே இல்லாத புது வீடு ஒன்றைப் பார்த்தோம். அதைக் கட்டும் பில்டர், பழைய வீட்டைத் தாமே எடுத்துக்கொண்டு அதன் விலையைப் புது வீட்டு விலையில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். இங்கே இதை ட்ரேட்-இன் என்கிறார்கள். இங்கிலாந்தில் பெரிய பில்டர்கள் வழக்கமாகவே செய்வது; அங்கே பெயர் பார்ட் எக்ஸ்சேஞ்ச். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை செய்ததில்லை.

வயதானவர்களுக்கு இது நல்ல வழிதான். ஞாயிறுதோறும் முன்பின் தெரியாதவர்கள் வந்து சாமி அறை வரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் தொல்லை இல்லை. வீடு விற்றாகிவிட்டது, புது வீடு முடியவில்லை என்று நடுவில் பிள்ளைகள் வீட்டில் பெட்டியோடு தங்கவேண்டியதும் இல்லை. ஆனால் ஒப்புக்கொண்ட உடனே காகிதங்களின் பட்டியல் வரத் தொடங்கும். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று கேட்பார்கள். பயந்து பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும், இனிமேல் இதில் இறங்கப் போகிறவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன். வீட்டைப் பற்றிய காகிதங்கள் பணமும் பொறுமையும் இருந்தால் கிடைத்துவிடும். ஆட்களைப் பற்றிய காகிதங்களுக்குத்தான் காலம் வேண்டும். நம்மைப் போன்ற குடும்பங்களில் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதல் பட்டியல் வந்ததும் நான் செய்தது, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இது யாருக்கு வேண்டும் என்று எழுதியது. எல்லாவற்றையும் பில்டரின் விற்பனை அலுவலகம் ஒரே மின்னஞ்சலில் கேட்பதால் எல்லாம் அவர்கள் விருப்பம்போலத் தோன்றும். உண்மையில் சிலதை அரசுச் சட்டம் கேட்கிறது, சிலதை மாநகராட்சி கேட்கிறது, சிலதை வங்கி கேட்கிறது, சிலதை மட்டும்தான் பில்டர் கேட்கிறார். சட்டம் கேட்பதைப் பேசிக் குறைக்க முடியாது. பில்டர் கேட்பதைப் பேசலாம். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஓடுகிறவர்கள்தான் களைத்துப் போகிறார்கள்.

அடையாள அட்டை, மூன்று மாதத்துக்குள்ளான முகவரிச் சான்று, வருமான வரி எண் ஆகியவை எல்லாம் கள்ளப் பணத்தைத் தடுக்க ஆள் யார் என்று சரிபார்க்கச் சொல்லும் 2001-ஆம் ஆண்டின் ஃபிக்கா சட்டத்துக்காக. சொத்து முகவர் ஒருமுறை கேட்பார், வக்கீல் ஒருமுறை கேட்பார், கடன் இருந்தால் வங்கியும் கேட்கும். ஏற்கெனவே கொடுத்தோமே என்று கோபப்பட்டுப் பயனில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே சரிபார்க்கக் கடமைப்பட்டவர்கள். அம்மாவின் பெயரில் எந்த பில்லும் வருவதில்லை, தண்ணீர் பில்லும், ரேட்ஸ் என்கிற மாநகராட்சி வீட்டு வரியும் இன்னும் மறைந்த அப்பாவின் பெயரில்தான் வந்தன. அம்மாவோடு இருக்கிற தங்கை ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்து அதைச் சரிசெய்தாள். கொடுக்கும் ஒவ்வொரு நகலின் மேலும் எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு ஆபத்தைச் சொல்லியே ஆகவேண்டும். வீட்டுப் பரிமாற்றத்தின் நடுவே, வக்கீலின் மின்னஞ்சல் போலவே ஒன்று வந்து, வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று சொல்லும். ஜோகன்னஸ்பர்கில் வீடு வாங்கிய ஒரு பெண்மணி இப்படி 55 லட்சம் ராண்டை மோசடிக்காரர் கணக்கில் போட்டுவிட்டார். 2024-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த இழப்புக்கு வக்கீல் நிறுவனம் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. மின்னஞ்சலில் வந்த கணக்கு எண்ணை நம்பாதீர்கள். அலுவலகத்துக்கு நேரே போய், அல்லது முன்பே உங்களிடம் இருந்த தொலைபேசி எண்ணில் பேசி, எண்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிச் சரிபாருங்கள். அம்மா வயதுக்காரர்களின் ஆயுள் சேமிப்பு இதில் இருக்கிறது.

வீட்டுக் காகிதங்களுக்கு வருகிறேன். எலக்ட்ரிக்கல் சர்டிபிகேட் சட்டப்படி கட்டாயம். வீடு கை மாறும்போது அது இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. மின்வெட்டுக் காலத்தில் நிறையப் பேர் இன்வர்ட்டரும் பேட்டரியும் மாட்டினார்கள். அந்த வேலைக்கும் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் இணைப்போ மின்வேலியோ இருந்தால் அவற்றுக்குத் தனிச் சான்று. மர வண்டு இல்லை என்று சொல்லும் பீட்டில் சர்டிபிகேட்டின் கதை வேறு. கடலோரத்தில் எல்லோரும் கேட்பார்கள், ஆனால் அதைக் கேட்கச் சொல்லிச் சட்டம் எதுவும் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. கூரையையே பிரித்துப் புதிதாகப் போடப்போகிற பில்டருக்கு அது எதற்கு என்று அண்ணன் கேட்டார். அடுத்த மின்னஞ்சலில் அந்த வரி பட்டியலில் இல்லை.

வரைபடம்தான் சாட்ஸ்வொர்த் வீடுகளின் தலைவலி. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தால், டர்பனின் மேகசின் பாரக்ஸ், கேட்டோ மேனர் பக்கங்களிலிருந்து இந்தியர்களான நம் மக்களைக் கிளப்பி, 1960-களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அன்றைய மாநகராட்சி கட்டிய வீடுகள் சின்னவை. வந்த குடும்பங்களோ பெரியவை. தாத்தா, ஆயா, கல்யாணமான மகன், கல்யாணமாகாத மகள்கள் எல்லோரும் இருக்க இடம் வேண்டாமா? பின்னால் ஒரு அவுட்பில்டிங், பக்கத்தில் ஒரு அறை, முன்னால் மூடிய வராந்தா என்று சனி ஞாயிறுகளில் மாமன் மச்சான்கள் சேர்ந்தே கட்டினார்கள். எங்கள் அப்பா கட்டியதும் அப்படித்தான். ஒவ்வொரு செங்கல்லும் சரியாக நின்றது. ஆனால் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அந்தப் பின்கட்டு கிடையாது.

இதை மறைக்கக் கூடாது. 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் சொத்து முகவர் சட்டப்படி, வீட்டில் தெரிந்த குறைகளை எழுதிக் கொடுக்கும் படிவம் கட்டாயம். அதில் அனுமதியில்லாத கட்டடம் பற்றிய கேள்வியும் வரும். எழுதிக் கொடுத்துவிட்டால், உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன் என்கிற வோட்ஸ்டூட்ஸ் விதி நம்மைக் காக்கும். தெரிந்தே மறைத்தால் காக்காது. நாங்கள் பின்கட்டைப் பற்றி முழுதும் எழுதினோம். பிறகு பேச்சு, வரைபடத்தை யார் முறைப்படுத்துவது என்பதில் வந்து நின்றது. வரைபடக்காரருக்குப் பணம் கொடுத்து, மாநகராட்சியில் மனுப் போட்டு, மாதக்கணக்கில் காத்திருப்பது ஒரு வழி. பில்டர் தமது பொறுப்பில் எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக விலையில் கொஞ்சம் குறைப்பது இன்னொரு வழி. தொழிலே கட்டடமாக இருப்பவருக்கு அந்த வேலை எளிது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம், அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் குறைக்கும் தொகையை ஒப்பந்தத்தில் எண்ணாக எழுத வைத்தோம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதை நாங்கள் ஏற்கவில்லை.

பாக்கி இல்லை என்று மாநகராட்சி தரும் ரேட்ஸ் கிளியரன்ஸ் பற்றி ஒன்றே ஒன்று. 2000-ஆம் ஆண்டின் மாநகராட்சி அமைப்புச் சட்டம், 118-ஆம் பிரிவின்படி அந்தச் சான்று இல்லாமல் பத்திரம் பதிய முடியாது. அதன் ஆயுள் 60 நாள். சாதாரண விற்பனையில் இது போதும். ட்ரேட்-இன்னில் புது வீடு முடியும் வரை பழைய வீட்டின் பதிவு காத்திருக்கிறது. கூரை ஓடு வரவில்லை, மழை பிடித்துக்கொண்டது என்று பில்டர் ஒரு மாதம் தள்ளினால் நம் சான்று காலாவதியாகி, மறுபடி பணம் கட்ட வேண்டிவரும். புது வீட்டின் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் பார்த்த பிறகே கிளியரன்ஸுக்கு மனுப் போடச் சொல்லுங்கள்.

இனி ஆட்களைப் பற்றிய காகிதங்கள். வக்கீல் அம்மா டைட்டில் டீடை, அதாவது வீட்டின் உரிமைப் பத்திரத்தை, திறந்து படித்தபோதுதான் எங்களுக்கு மூன்று விஷயங்கள் தெரிந்தன. வீடு இன்னும் அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் போய்ப் பல வருடம் ஆகியும் அவர் விட்டுச்சென்ற சொத்தை (எஸ்டேட்), இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்தில் யாரும் பதிவு செய்திருக்கவில்லை. டீடில் அவர் பெயரின் எழுத்துகள் ஐடி புத்தகத்தில் உள்ளதுபோல் இல்லை. மூன்றாவதாக, பெயருக்குப் பின்னால் மணமாகாதவர் என்று இருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்: "நாலு புள்ள பெத்து இந்த வீட்டுலதான வளத்தேன்? கல்யாணம் ஆகலேன்னா எழுதி வச்சிருக்காங்க?"

அப்பாவும் அம்மாவும் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். அரசுப் பதிவு செய்யவில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் செய்யவில்லை. பதிவில்லாத கோயில் திருமணத்தைச் சட்டம் திருமணமாகவே பார்க்கவில்லை. எனவே டீட் எழுதியவர்கள் சட்டப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். இந்த நாட்டில் இது பழைய காயம். 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் இங்கே செல்லாது என்ற பொருளில் தீர்ப்பளித்தார். அதை எதிர்த்துத்தான் நம் பெண்களும் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்கில் பிறந்தவர். சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் நம் திருமணங்களைப் பதிவு செய்ய வழி திறந்தது. வழி இருந்தும் பதிவு செய்யாத வீடுகள் ஏராளம். கோயிலில் நடந்தால் போதாதா என்ற எண்ணம்தான். ஐயர் வந்தார், ஊர் சாப்பிட்டது, பிள்ளைகள் பிறந்தார்கள். அதற்கு மேல் யாருக்கு எதை நிரூபிக்க வேண்டும்?

பில்டரின் விற்பனை அலுவலகத்துக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. பட்டியலில் திருமணச் சான்று ஒரு வரி. அது இல்லையென்றால் அம்மா யார், எந்த உரிமையில் இந்த வீட்டைக் கொடுக்கிறார் என்ற கேள்வி வரும். அப்பா உயில் எழுதவில்லை. உயில் இல்லாதபோது சொத்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது. அம்மா மனைவியே இல்லையென்றால் எல்லாம் பிள்ளைகளுக்கு என்றாகிவிடும். நல்லவேளையாக நீதிமன்றங்கள் இதில் நமக்கு முன்பே வழி திறந்திருக்கின்றன. 2004-இல் அரசியல் சாசன நீதிமன்றம், முஸ்லிம் முறைப்படி மணந்த ஒரு விதவையை மனைவி என்றே கருத வேண்டும் என்றது. 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றம் இந்து முறைத் திருமணத்துக்கும் அதையே சொன்னது. வக்கீல் அம்மா இந்தத் தீர்ப்புகளைச் சொன்னபோது என் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தீர்ப்பு இருந்தாலும் திருமணம் நடந்ததைக் காட்ட வேண்டும். கோயிலில் வைத்திருந்த பழைய நோட்டில் ஒரு பதிவு கிடைத்தது. மஞ்சள் பூசிய கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் பெரியம்மா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கருப்பு வெள்ளைப் படங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், அந்தக் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தவர்களின் உறுதிமொழிகள் எல்லாம் சேர்ந்துதான் ஒரு சான்றின் வேலையைச் செய்தன. கண்ணால் பார்த்தவர்கள் என்றால் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களில் சிலர் ஏற்கெனவே இல்லை. உங்கள் வீட்டிலும் பதிவில்லாத திருமணம் இருந்தால், வீடு விற்கும் எண்ணமே இல்லாவிட்டாலும், சித்தப்பா சித்தி இருக்கும்போதே அந்த உறுதிமொழிகளை எழுதி வாங்கி வையுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மற்றதெல்லாம் அதற்குப் பிறகு ஒழுங்காக நகர்ந்தது. மாஸ்டர் அலுவலகம் அண்ணனை எக்சிக்யூட்டராக, அதாவது அந்தச் சொத்தை நிர்வகிப்பவராக, நியமித்தது. எஸ்டேட் இரண்டரை லட்சம் ராண்டுக்கு மேல் என்றால் இந்த நியமனக் கடிதம் வேண்டும். பிள்ளைகள் நால்வரும் எங்கள் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். உயில் இல்லாத சொத்தில் வயது வந்த பிள்ளை இப்படி விட்டுக்கொடுத்தால் அந்தப் பங்கு உயிரோடிருக்கும் துணைக்கே போகும் என்று சட்டம் சொல்கிறது. முழு வீடும் அம்மாவுக்கு வந்தது. பெயர் எழுத்துச் சிக்கலுக்கு, டீடில் இருப்பவரும் ஐடியில் இருப்பவரும் ஒருவரே என்ற உறுதிமொழி. நம் முன்னோர் வந்த கப்பலின் பட்டியலில் எவரோ காதில் விழுந்தபடி எழுதிய பெயர், பள்ளியில் ஒரு மாதிரி, வேலை இடத்தில் ஒரு மாதிரி, தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிப் போனது என்று நம்மில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும். கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: எப்போதோ கட்டி முடித்த வீட்டுக் கடன், டீடில் இன்னும் ரத்தாகாமல் இருக்கலாம். கடன் தீர்ந்தால் தானாக ரத்தாகாது. தனியே பதிய வேண்டும். கடன் நிலுவையில் இருந்தால் வங்கிக்கு 90 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காவிட்டால் அபராதம் கேட்பார்கள்.

இவ்வளவும் நாம் கொடுப்பது. இதில் நாம் விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும்கூட. அதை ட்ரேட்-இன்னில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், பட்டியல் ஒரு பக்கத்திலிருந்துதானே வருகிறது. நாங்களும் ஒரு பட்டியல் அனுப்பினோம். அனுப்பத் தயங்காதீர்கள், எவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

முதலில், புது வீடு வாங்குபவர்களைக் காக்கும் அமைப்பான என்எச்பிஆர்சியில் பில்டர் பதிந்த சான்றும், இந்தக் குறிப்பிட்ட வீட்டைச் சேர்த்த சான்றும். இரண்டும் வேறு வேறு. வீட்டைச் சேர்ப்பது கட்டத் தொடங்குவதற்கு 15 நாள் முன்பே நடந்திருக்க வேண்டும். அது இருந்தால்தான் மூன்று மாதத்துக்குள் சொல்லும் சின்னக் குறைகளுக்கும், ஓராண்டுக்குள் வரும் கூரைக் கசிவுக்கும், ஐந்தாண்டுக்குள் வரும் பெரிய கட்டுமானக் குறைகளுக்கும் கேட்க ஆள் உண்டு. அடுத்து, வீட்டில் குடிபுகலாம் என்று மாநகராட்சி தரும் சான்று. அது கைக்கு வராமல் சாவி வாங்கிச் சாமான் இறக்கக் கூடாது. புது வீட்டுக்கும் எலக்ட்ரிக்கல் சர்டிபிகேட். புது வீடு இருக்கும் வளாகத்தின் மாதக் கட்டணமும் விதிகளும் எழுத்தில். கறிவேப்பிலை மரம் வைக்கலாமா, வாசலில் விளக்கு ஏற்றலாமா, ஆடியில் கூழ் ஊற்றும்போது உறவினர் கார்கள் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அம்மாவுக்கு வீட்டின் விலையைவிட முக்கியமான கேள்விகள். எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கினோம்.

விலையை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். பழைய வீட்டை எவ்வளவுக்கு எடுக்கிறீர்கள், ட்ரேட்-இன் இல்லாமல் பணம் கொடுத்து வாங்குபவருக்குப் புது வீடு என்ன விலை? பழைய வீட்டுக்கு நல்ல விலை கொடுப்பதுபோல் காட்டிப் புது வீட்டின் விலையை ஏற்றிவிட்டால் நமக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. நாங்கள் தனியாக ஒரு மதிப்பீட்டாளரை அழைத்துப் பார்த்தோம். அந்தச் செலவு வீண் போகவில்லை. பில்டரிடமிருந்து வாங்கும் புது வீட்டின் விலையில் 15 சதவீத வாட் அடங்கியிருக்கும், அதற்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி என்கிற சொத்து மாற்ற வரி கிடையாது. பழைய வீட்டுக்கான டியூட்டியை வீட்டை வாங்குகிறவர் கட்ட வேண்டும், அதாவது பில்டர். 2025 ஏப்ரல் முதல் 12.1 லட்சம் ராண்ட் வரை டியூட்டி இல்லை என்பதால் எங்களுக்கு அது பிரச்சினையாகவில்லை, ஆனால் பதிவுச் செலவை நம் தலையில் போடும் வாசகம் ஒன்று ஒப்பந்தத்தின் நடுவில் இருந்தது. எடுக்கச் சொன்னோம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று இருக்கிறது. பழைய வீடு பில்டரின் பெயருக்கு மாறுவதும், புது வீடு நம் பெயருக்கு வருவதும் ஒரே நாளில் பதிவாக வேண்டும். முதலில் உங்கள் வீட்டை மாற்றிக்கொள்கிறோம், புது வீடு முடிந்ததும் தருகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். நடுவில் பில்டர் நொடித்துப்போனால் நம் வீடு அவருடைய கடன்காரர்களுக்குப் போய்விடும். அம்மா கையில் மிச்சமிருப்பது ஒரு வாக்குறுதி மட்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில், ஒன்றோடொன்று தொடர்புடைய பத்திரங்களை ஒரே கட்டாகத் தாக்கல் செய்து ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நாளில் பதியலாம். எங்களுடையது மூன்று: அப்பாவின் எஸ்டேட்டிலிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து பில்டருக்கு, பில்டரிடமிருந்து மறுபடி அம்மாவுக்கு. 1981-ஆம் ஆண்டின் நில விற்பனைச் சட்டம் விற்பனையோடு பரிமாற்றத்தையும் சேர்த்தே சொல்கிறது. எழுதிக் கையெழுத்திடாத பேச்சு செல்லாது. விற்பனை அலுவலகத்தில் தேநீர் கொடுத்துச் சொன்ன எதுவும் கணக்கில் வராது. ஒரே நாள் பதிவு என்பதைத் தனி வரியாக, தேதி தவறினால் நாங்கள் விலகலாம் என்ற வரியோடு எழுதி வாங்கினோம்.

தாக்கல் செய்யும் முன் வரைவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் வக்கீல் காட்டுவார். அம்மாவின் ஐடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் தங்கையும் எழுத்தெழுத்தாகப் படித்தோம். பெயரில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. திருத்தி அனுப்பினார்கள், அதுதான் பதிவானது. இப்போது என்எச்பிஆர்சி சான்றின் மேல் சாவி வாங்கிய தேதியைப் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன். சமையலறை ஜன்னல் சரியாக மூடவில்லை, குளியலறைத் தரையில் தண்ணீர் தேங்குகிறது என்று மூன்று மாதத்துக்குள் சொல்ல வேண்டியவற்றை அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதிக்கொண்டிருக்கிறாள்.